புதுப்பிப்பு: நடுத்தர பிக்கப்பில் கேம்பர் பெட்டி பொருத்தியாயிற்று

நடுத்தர அளவுள்ள பிக்கப்பின் சரக்குத் தட்டில் இறக்கி வைக்கும் கேம்பர் பெட்டியை (பயணத்தில் தங்கிப் படுக்க உதவும் சிறு அறை போன்ற பெட்டி) அந்த வண்டி தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெட்டி இப்போது பொருத்தப்பட்டுவிட்டது.

விற்பனைத் தாளில் இருப்பது பெரும்பாலும் பெட்டியின் வெற்று எடைதான். லிட்டருக்கு 1 கிலோ வீதம் தண்ணீர், எரிவாயு உருளை, பேட்டரி, சாமான்கள், பயணிகள் அனைத்தும் சேர்ந்த பின்பே உண்மையான சுமை தெரியும் என்பதால், எல்லாவற்றையும் ஏற்றி, எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தேன். மொத்த எடை வரம்புக்குள் இருந்தது. பின் அச்சில்தான் வரம்பை எட்ட மிச்சமிருந்த எடை மிகக் குறைவு. ஆகவே தட்டின் பின்கதவைக் கழற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பாதியளவே நிரப்புவதென்று முடிவு செய்தேன். பெட்டியின் பக்கவாட்டில் குறிக்கப்பட்டுள்ள ஈர்ப்பு மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழுகிறது. பின்னால் போயிருந்தால் முன் சக்கரங்களின் பாரம் குறைந்து, ஸ்டியரிங்கின் பிடிப்பும் குறைந்திருக்கும்.

என் கேள்விக்குப் பதிலாக நீங்கள் பரிந்துரைத்த காற்றுப்பைகளை (பின்புற ஸ்பிரிங்குகளுக்குத் துணையாக வைப்பவை) பொருத்தியதும் வண்டியின் பின்புறம் தாழ்வது நின்றது. ஆனால் அவை தயாரிப்பாளர் விதித்த சுமை வரம்பை ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை (விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை). தட்டின்மேல் விரித்த ரப்பர் விரிப்பு பெட்டி வழுக்குவதைத் தடுக்கிறது. நான்கு மூலைகளிலும் பெட்டியை வண்டியோடு இழுத்துப் பிடிக்கும் டர்ன்பக்கிள்கள் (திருகி இறுக்கும் கொக்கிகள்), பெட்டி நன்றாக அமர்ந்த பிறகு தளர்கின்றன. புறப்பட்ட சிறிது தூரத்தில் நிறுத்தி அவற்றை மீண்டும் இறுக்குகிறேன்.