சி.எஸ்.ஐ. ஆலயத்தில் கலப்புத் திருமணம்: தமிழ் வழிபாட்டுத் தாள் வேண்டும்

அருட்தந்தையரே, உபதேசியார்மாரே, ஓர் உதவி. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை); திருமணம் சி.எஸ்.ஐ. ஆலயத்தில். தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியார் பெயரால் பெற்ற திருமுழுக்கு என்பதால் மாப்பிள்ளைக்கு மறுபடி திருமுழுக்கு கிடையாது. ஆயரின் அனுமதி போதும் (திருச்சபைச் சட்டம் 1124). ஆனால் திருமணம் நம் கத்தோலிக்க முறைப்படி நடக்காததால் 1127-இன்படி முறைவிலக்கும் (அந்த முறையிலிருந்து விலக்கும்) தனியாக வாங்க வேண்டும். பலர் அனுமதிக் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். விலக்கு இல்லையென்றால் நம் சட்டப்படி திருமணமே செல்லாது! பிறகு நம் கோவிலில் இன்னொரு தடவை வார்த்தைப்பாடு (மணமக்களின் திருமண உறுதிமொழி) வாங்குவதற்கும் தடை.

ஆயர் இசைந்து, ஐயர் (சி.எஸ்.ஐ. போதகர்) அழைத்தால் நம் ஃபாதர் வாசகம் வாசிக்கலாம், சுருக்கமாகப் பேசலாம், மணமக்களை ஆசீர்வதிக்கலாம் என்கிறது வத்திக்கானின் 1993-ஆம் ஆண்டு கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி. அருமையான வாய்ப்பு, விடக் கூடாது.

இப்படி நடந்த திருமணத்தின் தமிழ் வழிபாட்டுத் தாள் இருந்தால் பகிருங்கள். ஃபாதரின் ஆசீரை எந்த இடத்தில் வைத்தீர்கள்? விலக்குக்கு எத்தனை வாரம் முன்பே விண்ணப்பித்தீர்கள்?