பயன்படாமல் போன வடிவமைப்புகளைச் சிறுநூலாக்குவது: உரிமை, அச்சு, தாக்கப் பக்கம்

செந்தூல் கோடு (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம். வாடிக்கையாளர் ஏற்காமல் விட்ட, அல்லது திட்டமே பாதியில் நின்றுபோன வடிவமைப்புகள் 34 கையில் உள்ளன. நாவல் அட்டைக்கு வரைந்த இரண்டாம், மூன்றாம் தேர்வுகள் 19, தீபாவளி அங்பாவ் (அன்பளிப்புப் பணம் வைத்துக் கொடுக்கும்) உறை 6, மசாலா பொட்டல லேபிள் 5, ஜார்ஜ் டவுன் கடைவீட்டுச் சுவருக்கான ஓவியத் திட்டம் 4. பாதி காகிதத்தில் மையும் போஸ்டர் கலரும். மீதி 2009 முதல் 2014 வரையிலான கணினிக் கோப்புகள்.

ஏ5 அளவில் 32 பக்கச் சிறுநூல், இரண்டு வண்ண ரிசோ அச்சு (ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஓட்டமாக அச்சிடும் எந்திரம்), 150 படி. கூடவே ஏ3 அளவில் ஆறு படங்கள் விற்பனைக்கு. கேட்க விரும்புவது: இவற்றை அச்சிட்டு விற்க எனக்கு உரிமை உண்டா? பழைய தாள்களையும் கோப்புகளையும் எப்படித் தயார் செய்வது? யார் யாருடைய பாதிப்பில் வரைந்தவை என்று ஒரு 'தாக்கப் பக்கம்' எழுத வேண்டும், அதைப் பெயர்ப் பட்டியலாக இல்லாமல் எப்படி எழுதுவது?

மைக்கூடு (பங்சார்) எழுதியது:

உரிமையை முதலில் பாருங்கள். அது தீராமல் ஸ்கேனரைத் திறக்க வேண்டாம்.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு: ஒருவர் கேட்டு நீங்கள் வரைந்து கொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், கேட்டவருக்கே போய்விட்டதாகக் கருதப்படும். "நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லையே, அதனால் என்னுடையதுதான்" என்று நம்மவர்கள் பலர் சொல்வது இந்த இடத்தில் எடுபடாது. முழுநேரச் சம்பளத்தில் இருந்தபோது வேலைக்காக வரைந்ததும் அப்படித்தான், முதலாளிக்குப் போகும்.

ஏற்காத தேர்வுகள்தான் சிக்கலானவை. கொட்டேஷனில் "மூன்று தேர்வுகள்" என்று எழுதி அதற்குக் காசும் வாங்கியிருந்தால், மூன்றுமே கேட்டு வரைந்தவை என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது. யாரும் கேட்காமல் நீங்களாகவே கொண்டுபோய்க் காட்டிய திட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. போட்டிக்கு அனுப்பியது என்றால் விதிமுறைத் தாளைத் தேடி எடுங்கள். வெல்லாத படங்களையும் நடத்துபவர் வைத்துக்கொள்ளலாம் என்று சிலவற்றில் ஒரு வரி இருக்கும். ஆக 34க்கும் தனித்தனியாகக் கொட்டேஷன், இன்வாய்ஸ், மின்னஞ்சல் மூன்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

சந்தேகமானவற்றுக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். படத்தை இணைத்து, "நீங்கள் பயன்படுத்தாத இந்தப் படத்தை என் சிறுநூலில் 150 படிகள் அச்சிடவும், தனிப் படமாக விற்கவும், இணையத்தில் காட்டவும் சம்மதமா?" என்று கேட்டால் போதும். அச்சு, விற்பனை, இணையம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "காட்டிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அது விற்பனைக்கு அனுமதி ஆகாது. பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமை கிடைத்தாலும் படத்தின் மேலிருக்கும் சிலவற்றை எடுத்தாக வேண்டும். நாவலின் தலைப்பு, எழுத்தாளர் பெயர், பதிப்பகச் சின்னம், மசாலா நிறுவனத்தின் வணிகச் சின்னம் எதுவும் இருக்கக் கூடாது. லேபிளில் மாதிரிக்காக ஹலால் முத்திரை வைத்திருந்தால் அதையும் கட்டாயம் நீக்குங்கள். சான்றிதழ் பெற்ற பொருளுக்கு மட்டுமே உரிய முத்திரை அது.

ஜெலுத்தோங் அச்சு (பினாங்கு) எழுதியது:

தாள்களிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் ஈரத்தில் பத்து வருடம் கிடந்த தாளில் பூஞ்சைப் புள்ளி இல்லாமல் இருக்காது. வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி படவே கூடாது. போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும், கறையும் பரவும். சுருட்டி வைத்த போஸ்டர் கலர் படத்தை ஒரே மூச்சில் விரித்தால் வண்ணம் செதிலாக உதிரும். ஒரு நாளுக்குக் கொஞ்சமாக விரித்து, ஓரத்தில் மட்டும் பாரம் வையுங்கள்.

வண்ணப் படத்தை 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். மைக்கோட்டுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்திலேயே எடுங்கள். காரணம் இருக்கிறது. பழுப்புக் கறையும் மஞ்சளித்த தாளும் சிவப்புச் சேனலில் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், கறுப்பு மை கறுப்பாகவே நிற்கும். அந்தச் சேனலை மட்டும் எடுத்து, லெவல்ஸைக் (வெளுப்பு, கறுப்பு அளவுகளை) கொஞ்சம் இறுக்கினால் கறையில் முக்கால்வாசி போய்விடும். ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஏ3 தாளை ஏ4 ஸ்கேனரில் இரண்டு தடவையாக எடுத்தால் நடுவில் 3 சென்டிமீட்டர் பொதுவாக இருக்கட்டும். தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பாதிக்கும் இரண்டு நிறம் வரும்.

கணினிக் கோப்புகளில் ஆபத்து தமிழ் எழுத்துருதான். அந்தக் காலக் கோப்புகளில் பாதிக்கு மேல் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அப்படியே சேமித்துவிடாதீர்கள். முதலில் கோப்பை நகலெடுங்கள். பிறகு அதே எழுத்துருவை நிறுவித் திறந்து, உடனே எழுத்தை வடிவக் கோடாக மாற்றிவிடுங்கள். எழுத்துரு கிடைக்காவிட்டால் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். அப்போது இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழித் தேர்வுகளையும், இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசரையும் இயக்குங்கள். இயக்காமல் "கொடி" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப்பில் தலைப்பு எழுத்து எதுவும் எழுத்துருவை நம்பியிருக்கும் தட்டச்சாக இருக்க வேண்டாம், எல்லாம் வடிவக் கோடாகவே போகட்டும்.

மூலக் கோப்பு தொலைந்து, வாடிக்கையாளருக்குக் காட்ட அனுப்பிய சிறு ஜேபெக் மட்டும் மிஞ்சியிருந்தால் பெரிதாக்க முயல வேண்டாம். 1600 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் 13.5 சென்டிமீட்டர் வரும், ஓரம் விட்டு வைத்தால் ஏ5 பக்கத்துக்கு அது போதும். ஏ3க்கு 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். அந்த ஆறு படங்களையும் தாளில் வரைந்தவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

இனி ரிசோ. வண்ணக் கோப்பைக் கொடுத்து "பிரித்துக்கொள்ளுங்கள்" என்று விடாதீர்கள். ஒவ்வொரு மைக்கும் தனிச் சாம்பல் நிறக் கோப்பு வேண்டும், முழுக் கறுப்பு என்றால் முழு மை. இரண்டாம் ஓட்டத்தில் தாள் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை நகரும். ஆகவே ஒரு நிறத்தின் நடுவில் ஓட்டை விட்டு அதில் இன்னொரு நிறத்தைப் பொருத்தும் வேலை வேண்டாம், ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும். தமிழ் வாசகத்தை ஒரே மையில், 9 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். அதற்குக் கீழே போனால் ண, ஞ, ஜ சுழிகள் மையால் அடைபடும். பெரிய திட்டுகளை 85 விழுக்காட்டோடு நிறுத்துங்கள். முழு மையில் உருளைத் தடம் விழும், எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும். ரிசோ மை தாளுக்குள் ஊறித்தான் நிற்கிறது, அதனால் பளபளப்புத் தாளில் பல நாள் ஆனாலும் விரலில் ஒட்டும். பூச்சில்லாத 100 அல்லது 120 கிராம் தாள் எடுங்கள். முதல் நிறம் ஓடியபின் ஒரு இரவு விட்டு அடுத்ததை ஓட்டச் சொல்லுங்கள்.

கணக்கு: ஏ5இல் 32 பக்கம் என்றால் ஏ4 தாள் 8. இரண்டு பக்கம், இரண்டு மை, ஆக 32 மாஸ்டர் (தாளின் ஒரு பக்கத்துக்கு, ஒரு மைக்கு எந்திரம் உருவாக்கும் அச்சுத் தாள்). அதையே ஏ3இல் இரண்டிரண்டாக அடுக்கினால் தாள் 4, மாஸ்டர் 16. 150 படிக்கு மாஸ்டர் செலவுதான் கடிக்கும், பாதியாகக் குறைவது சின்ன விஷயமல்ல. தாள் 600, கழிவுக்கு இன்னும் 60. நடுவில் தைத்து மடிக்கும்போது உள்தாள் சுமார் 1 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். வெளி ஓரத்தில் 6 மில்லிமீட்டருக்குள் எழுத்து எதுவும் வேண்டாம்.

விற்பனைக்கான ஏ3 படங்களை ரிசோவில் போடாதீர்கள். நிறமி மை, 300 கிராம் பருத்தித் தாள். சாய மையில் அடித்தால் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

காலண்டர் ஜரிகை (பினாங்கு) எழுதியது:

தாக்கப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு இந்த நூலில் மிக முக்கியமாகப் படுவது அந்தப் பக்கம்தான். "ரவிவர்மா, சில்பி, ஆதிமூலம்" என்று ஓவியர் பெயர்களை அடுக்கினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. யாரிடமிருந்து எதை எடுத்தீர்கள், உங்கள் படத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

மசாலா லேபிளில் காலண்டர் பாணிப் பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஜரிகையைப் பாருங்கள். அந்தப் பாணியில் முதலில் மஞ்சள் காவி அடிப்பூச்சு, மேலே எலுமிச்சை மஞ்சள் கோடு, மடிப்பு திரும்பும் நுனியில் மட்டும் வெள்ளைப் புள்ளி. மூன்றே படிதான், பொன்னாக மின்னும். வெள்ளையை எல்லா இடத்திலும் வைத்தால் மினுக்கம் செத்துவிடும். இதை எழுதுங்கள். அது எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி: ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள், பிறகு கோவில்பட்டியில் கொண்டைய ராஜு (1898–1976) வளர்த்த சீடர் வரிசை, சிவகாசி அச்சு. கொண்டைய ராஜு நாடகத் திரைச்சீலை வரைந்தவர். நேரே நோக்கி நிற்கும் உருவம், பின்னால் மங்கிப்போகும் மலையும் ஆறும், இந்த இரண்டும் மேடையைத்தான் நினைவூட்டுகின்றன.

சில்பியிடம் (1919–1983) கற்க வேண்டியது வேறு. 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசையில் அவர் வரைந்த சிற்பங்களில் கல்லின் பாரம் கோட்டில் தெரியும். உங்கள் அட்டையில் கோயில் தூண் இருந்தால், நிழலைக் குறுக்குக் கோட்டால் போட்டீர்களா, வளைவைத் தொடரும் கோட்டால் போட்டீர்களா என்று சொல்லுங்கள். ஆதிமூலத்தைச் (1938–2008) சொல்வதானால் அட்டையின் தமிழ் எழுத்தைக் காட்டுங்கள். தூரிகை எங்கே அழுத்தி எங்கே விட்டது என்பதை எழுத்தின் வடிவமாகவே வைத்தவர் அவர்.

இங்கேயே இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள், அதுதான் என் ஆதங்கம். தமிழகத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் சையத் தாஜுதீன். அஜந்தாவின் நீண்ட கண்ணும் கழுத்து வளைவும் மலாய்க் காதலர் உருவங்களில் வந்து அமர்வதை அவரிடம் பார்க்கலாம். தமிழகம், மலேசியா என்ற இரண்டு கரையையும் ஒரே கோட்டில் கட்ட நினைக்கும் நமக்கு அவரைவிட நெருங்கிய பாடம் எது? பத்தேக்கை (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணிக் கலையை) ஓவியமாக்கிய சுவா தியன் தெங் (1912–2008) வேலை செய்ததும் பினாங்கில்தான். உங்கள் அங்பாவ் உறையில் மெழுகு விரிசல் கோடுகள் போட்டிருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். துணி மடியும் இடத்தில்தான் மெழுகு உடையும், அந்த வழியாகத்தான் சாயம் இறங்கும். விரிசல்கள் மடிப்பின் திசையில் ஓடிக் கிளைக்க வேண்டும். படம் முழுக்கச் சமமாகத் தூவிய விரிசல் கணினி வேலை என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தாக்கமா, நகலா? பாணியை யாரும் எடுக்கலாம், ஒருவர் வரைந்து முடித்த உருவத்தை அப்படியே எடுக்க முடியாது. இரண்டு படத்தையும் ஒரே அளவாக்கி ஒன்றன் மேல் ஒன்று 50 விழுக்காடு ஒளிபுகும்படி வையுங்கள். நிலை, கை மடக்கு, மடிப்பு மூன்றும் பொருந்தினால் அது நகல். அதை நூலிலிருந்து எடுத்துவிடுங்கள். மூலப் படத்தை வரைந்தவர் மறைந்து 50 ஆண்டு ஆகாத வரை இங்கே பதிப்புரிமை உயிரோடு இருக்கும்.

ஐந்தடி நடை (ஜார்ஜ் டவுன்) எழுதியது:

சுவரோவியத் திட்டம் நான்கையும் சேருங்கள், ஆனால் ஏன் நின்றது என்பதையும் கூடவே எழுதுங்கள். ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பாரம்பரிய வட்டாரத்தில் வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் போதாது, மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும். சுவரே இன்னொரு காரணம். பழைய கடைவீட்டின் பூச்சு சுண்ணாம்பு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. மேலே அக்ரிலிக் பூசினால் ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, வண்ணம் பூச்சோடு பெயர்ந்து வரும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் முதலில் உதிரும். உங்கள் திட்டத்தில் முக்கிய உருவத்தின் கால் அந்த ஒரு மீட்டருக்குள் இருந்ததா என்று பாருங்கள்.

செந்தூல் கோடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உருவத்தின் கால் அந்த ஒரு மீட்டருக்குள்தான் இருந்தது, நான்கில் மூன்றில்! மைக்கூடு சொன்னபடி கொட்டேஷன்களை எடுத்துப் பார்த்ததில் அட்டைகளில் 8 இப்போதைக்கு ஒதுக்க வேண்டியவை. 28 பக்கமாகக் குறைத்தால் அச்சுக்குச் சரி வருமா?

ஜெலுத்தோங் அச்சு எழுதியது:

28 நான்கால் வகுபடும், தைக்கலாம். ஆனால் ஏ3இல் அடுக்கும்போது மூன்றரைத் தாள் வரும், கடைசித் தாளில் பாதி வெட்டியெறிய வேண்டியிருக்கும். 24க்கு வாருங்கள். தாள் 3, மாஸ்டர் 12. அல்லது 32இலேயே நின்று, மிஞ்சும் பக்கங்களில் சுவரோவியத்தின் பென்சில் வரைவுகளை அளவுக் குறிப்போடு போடுங்கள். பென்சிலை ரிசோ நன்றாக எடுக்கும். சாம்பல் நிறக் கோப்பில் தாளின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 விழுக்காடு சாம்பல் மிஞ்சினாலும் பக்கம் முழுக்கப் புள்ளி தூவிவிடும்.