சாவுக்கு அடிக்காத பறைக்குழுவுக்கு ஒரு நிதிக் கச்சேரி

நிதிக் கச்சேரி என்றால் நன்கொடையைக் கொடுத்துவிட்டு இரண்டாவது பாட்டுக்குள் எழுந்து வந்துவிடுகிற ஆள் நான். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பறைக்குழுவுக்காக நடந்த கச்சேரியில் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

குழு என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஆணியில் தொங்கும் பறைகள், சாயங்காலம் பழக வரும் பிள்ளைகள், சொல்லிக்கொடுக்கும் இரண்டு பெரியவர்கள். ஐப்பசி மழையில் கூரை ஒழுகிக் கருவிகள் நனைந்துவிட்டன. பழைய கடன் வேறு இருக்கிறது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கள்ளழகரே வைகையில் இறங்கவில்லை. ஊர்த் திருவிழாக்களும் நின்றுபோயின. அப்போது வாங்கியது இன்னும் அடையவில்லை.

ஆறு மணிக் கச்சேரி. ஏழரை வரைக்கும் பொன்னாடைதான். வந்தவருக்கு ஒன்று, வராதவருக்காக வந்தவருக்கு ஒன்று என்று ஒருவர் பாக்கியில்லாமல் போர்த்தினார்கள். “இந்தத் துணிக்காசுக்கு நாலு தகரம் வாங்கியிருக்கலாம்” என்று பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தார். வாசலில் பேராவூரணிக்காரர் ஒருவர், யாரும் கேட்காமலே, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, அவர்கள் ஊர் மொய் விருந்து வழக்கப்படி பெயர், ஊர், தொகை என்று எழுதிக்கொண்டிருந்தார். பெயரை எழுதுகிறார்கள் என்றதும் நூறு கொடுக்க வந்தவர்கள் இருநூறாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு நடந்த உருப்படியான நிர்வாகம் அது ஒன்றுதான்.

பேச்சு நீண்டதில் இன்னொரு சங்கடம். பறையைக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். மண்டபத்துக்குள் தீ மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சமையற்கட்டுக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். வாழ்த்துரைகள் முடிவதற்குள் தோல் தளர்ந்துவிட்டது. மறுபடியும் பின்பக்கம் போனார்கள். நானும் கூடப் போனேன். பெரியவர் பறையைத் தீக்கு மேலே சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பினார். விரலால் ஒரு தட்டு, மறுபடி தீ, மறுபடி ஒரு தட்டு. முதலில் பொத்தென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் கணீரென்றது. பிள்ளைகளில் சிலர் ஃபைபர் தோல் போட்ட பறை வைத்திருந்தார்கள். அதற்குத் தீயும் வேண்டாம், மழையும் ஒன்றும் செய்யாது. “எல்லோருக்கும் அதையே வாங்கிவிடலாமே, ஐயா?” என்றேன். “வாங்கலாம் தம்பி. என் கைக்குத்தான் அது ஒத்துவரவில்லை” என்றார்.

அங்கே நின்றபடிதான் மேடையில் யாரும் சொல்லாத கணக்கைச் சொன்னார். திருவிழா மேளம் தையில் தொடங்கி ஆடியோடு ஓய்ந்துவிடும். புரட்டாசியிலும் மார்கழியிலும் கையில் காசு புரளாது. மற்றக் குழுக்கள் அந்த மாதங்களை இழவு வீடுகளை நம்பி ஓட்டிவிடுகின்றன. இவர்கள் சாவுக்கு அடிப்பதில்லை. குழு தொடங்கியபோது பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் போட்ட ஒரே நிபந்தனை அது. அப்பனும் தாத்தனும் ஊர்ப் பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனது போதும் என்றார்களாம். ஆக, கூரை ஒழுகியது ஒரு சாக்குத்தான். பாதி வருமானத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒரு குழு நடக்கிறது. நாங்கள் கொடுத்த காசு அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. இதை மைக்கில் சொல்லியிருந்தால் இன்னும் ஆயிரம் கொடுத்திருப்பேன்.

எட்டு மணிக்கு அடி தொடங்கியது. முன்வரிசையில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி. இடது கையில் சிம்புக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி, முகத்தில் சிரிப்பே இல்லை. கால் அடவு மாறும்போது மற்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் மாற்றினார்கள். பிறகு உறுமி சேர்ந்துகொண்டது. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, அந்த முனகல் நாற்காலி வழியாக ஏறி அடிவயிற்றில் வந்து நிற்கிறது. நாலாவது வரிசையில் ஓர் ஆச்சிக்கு அருள் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் விபூதிக்கு எங்கே போவது? யாரோ கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்கள். உறுமிக்காரர் பதறவில்லை. ஆச்சியைப் பார்த்தபடியே அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து இறக்கி உட்காரவைத்துவிட்டு, அடுத்ததற்குப் போனார். ஆச்சி எழுந்து போய் அவர் சட்டையில் ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்தினார். அன்பளிப்பையெல்லாம் உண்டியலில் போடச் சொல்லி அறிவித்திருந்தார்கள். அதை ஆச்சியிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்!

முடிந்து கலைகிற நேரத்தில், ஐயாயிரம் எழுதிய ஒரு பெரிய மனிதர் பெரியவரிடம் வந்தார். மெய்யாகவே உருகிப்போயிருந்தார். “பிரமாதம். எங்கள் வீட்டுப் பெரியவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். ஒன்று ஆகிவிட்டால் நீங்கள்தான் வர வேண்டும், கேட்ட பணம் தருகிறேன்” என்றார்.

“அதற்கு வருவதில்லைங்க. பேரப்பிள்ளை கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறோம்” என்றார் பெரியவர்.

அவர் பதில் சொல்லவில்லை. காரை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் பறைகளை உறையில் போட்டுக் கட்டத் தொடங்கினார்.