‘சீயிங்’ என்பதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். ஐரோப்பியச் சூரியத் தொலைநோக்கித் திட்டம் பற்றி ஒரு மாணவர் இதழுக்காக நான் எழுதிவரும் கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லால் அது தடைப்பட்டு நிற்கிறது. கானரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், 4.2 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு இக்கருவியை நிறுவத் திட்டமிட்டுள்ளனர். சூரியப் பரப்பில் 25 கிலோமீட்டர் அளவுள்ள கூறுகளையும் அவ்வாடி பிரித்துக் காட்ட இயலும். ஆனால் வெயில் ஏறியதும் தரை சூடாகி, வெம்மையும் தண்மையுமான காற்று கலந்து கொந்தளிக்க, பிம்பம் நடுங்கிக் குழம்புகிறது. திருத்தம் செய்யாவிட்டால் நான்கு மீட்டர் ஆடியும் ஒரு சாண் ஆடி காட்டும் நுணுக்கத்தையே காட்டும். காற்றால் பிம்பத்துக்கு நேரும் இந்நிலையைத்தான் வானியலார் ‘சீயிங்’ (seeing) என்கின்றனர். ‘காட்சித்தெளிவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர்:

சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்பது உரியியல் நூற்பா. ஆகவே ‘வளிவிதிர்ப்பு’ எனலாம். அதிர், விதிர், உதிர், பிதிர் ஆகிய எல்லாவற்றிலும் ‘திர்’ என்னும் அசைவுப் பொருள் தரும் அடி ஒன்று உள்ளது என்பது என் நெடுநாளைய கருத்து. திரிதல், திரை, திரள் ஆகியனவும் அவ்வடியிலிருந்தே கிளைத்தவை என்பது என் எண்ணம். ‘முதிர்’ இதில் அடங்குமா என்று கேட்பவர்களுக்கு, முதிர்தலும் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குப் பெயர்தல்தானே என்பேன்.

இயற்பியல் ஆசிரியை:

ஐயா, ‘முதிர்’ இருக்கட்டும். இந்தச் சொல்லை வைத்து வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வானியலார் இதை நல்லது என்றும் மோசமானது என்றும் சொல்வார்கள். ‘இன்று நல்ல விதிர்ப்பு’ என்று நான் சொன்னால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ‘காட்சித்தெளிவும்’ சரியில்லை. முகில் ஒன்றுமில்லாத, கண்ணாடி போல் துல்லியமான வானத்திலும் சீயிங் மோசமாக இருக்கலாம். வானத்தின் தெளிவு வேறு, பிம்பத்தின் அமைதி வேறு. வானிலை என்பது போலக் ‘காண்நிலை’ என்று சொல்லிப் பாருங்கள். நீர் தரையைப் போல விரைவில் சூடேறுவதில்லை. அதனால் ஏரியை ஒட்டிய இடங்களில் பகற்காண்நிலை நன்றாக இருக்கும். கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரியிலும், உதய்ப்பூரின் பதே சாகர் ஏரித் தீவிலும் சூரிய ஆய்வகங்கள் அமைந்ததும், நம் நாட்டின் 2 மீட்டர் சூரியத் தொலைநோக்கிக்கு லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையிலுள்ள மேராக் பரிந்துரைக்கப்பட்டதும் இதனால்தான். இவ்வளவையும் அந்த ஒரு சொல்லைக் கொண்டு சொல்ல முடிகிறது.

தமிழாசிரியர்:

அம்மையீர், புணர்த்திப் பார்த்தீர்களா? தனிக்குறிலை அடுத்து வராத ணகரத்தின் முன் வரும் நகரம் திரிந்தால், நிலைமொழி ணகரம் கெடும் என்பது நன்னூல் விதி. தூண், நன்று என்பவை ‘தூணன்று’ ஆவது போல. அவ்வாறே காண், நிலை என்பவை ‘காணிலை’ ஆகும். ‘லா பால்மாவின் காணிலை சிறப்பானது’ என்று எழுதினால், அங்கே ஒன்றும் காணக் கிடைக்கவில்லை என்று பொருள்படாதா? வேண்டுமானால் ‘காட்சிநிலை’ என்று கொள்ளுங்கள். அளவை நூலார், அதாவது தருக்க நூலார், பொறிகளால் நேரே அறிவதைக் ‘காட்சி’ என்றே வழங்கினர்.

மற்றோர் உறுப்பினர்:

அளவையில் இறங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும். ‘சீயிங்’ என்றே எழுதி, அடைப்புக்குள் ‘காற்றால் பிம்பத்துக்கு நேரும் கலக்கம்’ என்று விளக்கிவிடுங்கள். நாளை கல்லூரியில் அந்த மாணவர்கள் அச்சொல்லைத்தான் சந்திக்கப் போகிறார்கள்.

இயற்பியல் ஆசிரியை:

அப்படியென்றால் தொலைநோக்கியையும் ‘டெலஸ்கோப்’ என்றே எழுதியிருக்கலாமே. ‘காண்நிலை’ என்று புணர்த்தாமல் எழுதுவது பிழையே என்றாலும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற பிழை. ‘காட்சிநிலை’ என்றால் திரைப்படக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

இருவர் ‘காண்நிலை’ என்கிறோம். அதில் நானும் ஒருவன், ஓரளவு களைப்பினால்தான். ஒற்றைக் குறிக்குள் பிரித்தெழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘சீயிங்’ என்பதையும் சேர்க்கிறேன். ஐயாவின் ‘விதிர்ப்பு’ வீண்போகவில்லை. பிம்பம் நடுங்குவதை விவரிக்கும் பத்தியில் அதை வினையாகவே கையாண்டிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

நன்றி. ஆயினும் ‘காண்நிலை’ என்னும் வடிவத்துக்கு என் மறுப்பு நிலுவையில் இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். மேலும், காற்றின் கலக்கத்துக்கு ஏற்ப ஆடியின் வடிவத்தை நொடிக்குப் பன்முறை மாற்றித் திருத்தும் நுட்பத்தை நீங்கள் ‘தகவமைவு ஒளியியல்’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். ‘தகவு’ என்ற சொல்லைப் பற்றிச் சில ஐயங்கள் உள்ளன.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சனிக்கிழமை எழுதுங்கள்.