காட்டுல இருக்கற கல்வட்டத்த ஜேசிபி விட்டு எடுக்கப் போறாங்க, என்ன பண்றது?

நொய்யல்கரை:
சென்னிமலைப் பக்கம் எங்க பெரியப்பாவோட மேட்டாங்காட்டுல பெரிய குண்டுக்கல்லுங்க வட்டமா இருக்கு, நடுவுல சின்னக்கல்லு குமிஞ்சு மேடா கெடக்கும், பாண்டவர் குழின்னு சொல்லி அங்க மட்டும் ஏர் ஓட்டாம விட்டிருந்தாங்க. இப்ப தென்னை வைக்கறதுக்கு சமன் பண்ணணும்னு ஜேசிபிக்கு சொல்லியாச்சு. போன வாரம் ஓரத்துல ரெண்டு கல்ல பொரட்டுனப்ப ஒரு பானை ஓடு கெடச்சுது, கழுவிப் பாத்தா உள்ள கன்னங்கரேல்னு, வெளிய செகப்பா, வழவழன்னு இருக்குங்க. ஆபீசுல சொன்னா காட்டையே எடுத்துக்குவாங்கன்னு பெரியப்பா பயப்படறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாழி:
மொதல்ல ஜேசிபிய நிறுத்துங்க. அது பெருங்கற்கால ஈமச்சின்னம், அதாவது அந்தக் காலத்துல செத்தவங்களுக்காக பெரிய கல்லுங்கள வெச்சு அமைச்ச எடம், உங்க கையில இருக்கறது கருப்பு-சிவப்பு பானை ஓடு. உங்க பக்கத்துல கொடுமணல்ல இப்படி ஒரு குழியில மட்டும் 2,220 சூதுபவள மணி (செவப்புக் கல்லுல செஞ்ச பாசிமணி) கெடச்சுது. அதவிட முக்கியம் எது எங்க, எப்படி இருந்துச்சுங்கறதுதான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில தாழிக்குள்ள (செத்தவங்கள பொதைக்கற பெரிய பானை) இருந்த நெல்ல பத்திரமா எடுத்ததாலதான் அது கி.மு. 1155னு சொல்ல முடிஞ்சுது, ஜேசிபி ஒருதடவ வாரிட்டா அதெல்லாம் வெறும் மண்ணுதான்.

மனுநாள்:
சொன்னதுக்காக மட்டும் காடு போயிடாதுங்க, பெரியப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க. 100 மீட்டருக்குள்ள கட்டக்கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணுங்கற 2010 திருத்தம் மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கற எடத்துக்குத்தான். ஆனா மண்ணுக்குள்ள விலமதிப்புள்ள பொருள் கெடச்சா கலெக்டருக்கு சொல்லணும்னு 1878லயே சட்டம் இருக்கு. சர்வே நம்பர், போட்டோ, எத்தன கல்லுன்னு கணக்கு எல்லாம் வெச்சு திங்கக்கெழம மனு குடுங்க, மாவட்ட தொல்லியல் அலுவலருக்கும் ஒரு காப்பி.

கல்திட்டை:
ஊர் பேர இங்க போட்ராதீங்க ப்ளீஸ். எங்க ஊர்ல தங்கம் இருக்குன்னு எவனோ கெளப்பிவிட்டு ராத்திரியோட ராத்திரியா தோண்டுனாங்க, காலைல போய்ப் பாத்தா பலகைக்கல்லு ரெண்டா ஒடஞ்சு கெடந்துச்சு, எலும்புத் துண்டும் பானை ஓடும் வெளிய எறிஞ்சு கெடந்துச்சு. மிச்சமிருந்த வட்டமெல்லாம் கிராவல் லாரில போயிருச்சு. எங்க தாத்தா அங்க செருப்ப கழட்டிட்டுத்தான் நடப்பாரு.

நொய்யல்கரை:
எல்லாத்தையும் பெரியப்பாவுக்கு படிச்சு காட்டுனேங்க. ரொம்ப நேரம் பேசல, அப்பறம் அந்த எடத்த விட்டுட்டு ரெண்டு வரிசைய தள்ளி வெச்சுக்கலாம்னாரு. திங்கக்கெழம மனு குடுக்கறோம். பொரட்டுன ரெண்டு கல்லையும் திருப்பி வெச்சர்லாங்களா?

தாழி:
வேண்டாங்க, கெடக்கற மாதிரியே போட்டோ எடுத்துட்டு விட்ருங்க. ஓட்ட மட்டும் எந்த எடத்துல எடுத்தீங்கன்னு சீட்டெழுதி கவர்ல போட்டு வைங்க, இனி கழுவாதீங்க.