சாண்டா மார்த்தா ஓசனிச்சிட்டு மீண்டும் கிடைத்துவிட்டது: ‘மிக அருகிய இனம்’ என்ற நிலையை மாற்றலாமா?

நெய்தலான்:
கொலம்பியாவின் சியேரா நெவாடா தே சாண்டா மார்த்தா மலைகளைத் தவிர வேறெங்கும் வாழாத சாண்டா மார்த்தா சேபர்விங் என்னும் ஓசனிச்சிட்டு (hummingbird), 1946க்குப் பின் 2010இல் ஒருமுறை படத்தில் சிக்கியதோடு கண்மறைந்துபோனது. 2022 ஜூலையில் யூர்கென் வேகா என்ற பறவை நோக்கர் களப்பணியை முடித்துக்கொள்ளும் வேளையில், மரகதப் பச்சை உடலும் மின்னும் நீலத் தொண்டையும் கொண்ட ஆண் பறவை ஒன்று விரைந்து வந்து கிளையில் அமர்ந்தது, அவர் படமெடுத்தார். அதன்பின் குவாட்டபுரி ஆற்றுப் பகுதியில் மேலும் சில பறவைகள் தென்பட்டிருக்கின்றன. எனவே உயிரினங்களை அவற்றின் அழிவு ஆபத்தின்படி வகைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியலில் (IUCN Red List) இதை ‘மிக அருகிய இனம்’ என்பதிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த ‘அருகிய இனம்’ என்ற படிக்கு மாற்றுவதே முறை என்று கருதுகிறேன்.

குறிஞ்சிமகள்:
பலரும் இதைத் தேன்சிட்டு என்று எழுதிக் குழப்பும்போது தாங்கள் ஓசனிச்சிட்டு என்றே எழுதியது மகிழ்ச்சி. வாதத்தைத்தான் ஏற்க இயலவில்லை. ‘காணவில்லை’ என்பது செம்பட்டியலில் ஒரு படியே அன்று. முதிர்ந்த பறவைகள் 250க்கும் குறைவாக இருந்து, அவை மேலும் குறைந்துகொண்டே போவது, அல்லது மொத்தமே 50ஐ எட்டாதது போன்ற அளவுகோல்களை வைத்தே ‘மிக அருகிய இனம்’ என்று முடிவு செய்கிறார்கள். பறவை கண்ணில் பட்டதால் அதன் எண்ணிக்கை கூடிவிடாது.

நெய்தலான்:
அளவுகோல்களை அறிவேன். ஆபத்து கூடிய படியின் எந்த அளவுகோலும் ஐந்தாண்டுகளாகப் பொருந்தாவிட்டால் ஆபத்து குறைந்த படிக்கு மாற்றலாம் என்பதும், முதல் மதிப்பீடே பிழையெனத் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம் என்பதும் அதே விதிகளில் உள்ளவை. ஆயுத மோதல்களால் ஆய்வாளர்கள் நெடுங்காலம் எளிதில் நுழைய முடியாதிருந்த மலை அது; தேடாததை இல்லாதது என்று கணக்கிட்டிருக்கலாம் அல்லவா? தவிர, இப்பறவை நிழல்மரக் காப்பித் தோட்டங்களிலும் வாழைப் பூக்களிலும் தேனருந்தியதாகப் பழைய குறிப்புகள் உண்டு. அப்படியானால் அதன் வாழிடம் நாம் அஞ்சுமளவு சுருங்கவில்லை.

மழைக்காடன்:
தோட்டத்தில் தேனருந்துவது வேறு, அங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பது வேறு. நிழல்மரங்களை வெட்டிவிட்டு வெயிலில் காப்பி வளர்த்தாலும் ‘காப்பித் தோட்டம்’ என்ற பெயர் மாறாது. பறவைக்குத்தான் அங்கே எதுவும் மிஞ்சாது. அச்சரிவுகளில் மேய்ச்சலுக்கும், 1970களில் கஞ்சாப் பயிருக்கும் அழிந்த காட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறிஞ்சிமகள்:
பிழை என்ற வாதம் தங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும். ஏறத்தாழ 1,200 முதல் 1,800 மீட்டர் வரையிலான ஈரக் காடுகளில் வாழும் இப்பறவை, ஆண்டின் ஒரு பகுதியில் மரவரம்புக்கு மேலுள்ள பாராமோ புல்வெளிகளுக்கு, அதாவது 4,800 மீட்டர் வரைகூட, ஏறிச் செல்லும் என்று நூல்கள் கூறிவந்தன. அவ்வுயரத்துப் பதிவுகளில் சில வேறு பறவைகளைத் தவறாக இனங்கண்டவையாக இருந்தால், மிஞ்சுவது அந்தக் குறுகிய காட்டுப் பட்டை ஒன்றே. அப்போது வாழிடப் பரப்பைக் குறைத்தல்லவா கணக்கிட வேண்டும்?

நெய்தலான்:
உயரத்தைப் பற்றிய அந்த ஐயம் நியாயமானது. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் குவாட்டபுரிக்கு அப்பாலுள்ள ஆற்றோரங்களை அம்மலையின் பழங்குடிகளான அருவாக்கோ, கோகி மக்களின் இசைவோடு தேடி முடிக்கும்வரை, தற்போதைய நிலையை இறுதியானதென்று கொள்ள மாட்டேன்.

குறிஞ்சிமகள்:
தேடட்டும், நானும் அதையே வேண்டுகிறேன். படியை மாற்றும் பேச்சு அந்தக் கணக்கெடுப்புக்குப் பின்னர் வரட்டும்.