புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் எஃப்பிஎஸ் ஏறாதவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தண்டையார்பேட்டை:

எதிர் வீட்டுத் தம்பி சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 4060 போட்டான். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, கூடவே புதிதாக 8 ஜிபி ரேம் இரண்டு, எல்லாம் கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். வேலரண்ட் கேமில் எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்ற கணக்கு) பழையபடியேதான் இருந்தது, அதுவும் சண்டை சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்துத் திக்கித் திக்கி ஓடியது. கடையில் கேட்டால் "ப்ராசஸர் பழசு, அதையும் மாத்துங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு பையனுக்கு இன்னும் செலவு வைப்பது நியாயமே இல்லை.

முதலில் எண்களைப் பாருங்கள். எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க் செட்டிங்கை அணைத்துவிட்டு, கேம் ஓடும்போதே கார்டின் எண்களைக் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைத் திரையில் ஓட விடுங்கள். ஜிபியு (கார்டில் இருக்கும் சிப்) யூசேஜ் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு முழுசாக உழைக்கிறது என்று அர்த்தம். 50, 60-லேயே நின்றால் கார்டுக்கு வேலை வந்து சேரவில்லை. தம்பி மெஷினில் 45-ஐத் தாண்டவே இல்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் மொத்த சிபியு (ப்ராசஸர்) யூசேஜை 40 என்று காட்டுவதை வைத்து ப்ராசஸர் சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள், ப்ராசஸர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிற 12 த்ரெட்டில் ஒன்றிரண்டு மட்டும் திணறினாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும்.

அடுத்து டாஸ்க் மேனேஜரிலேயே மெமரி பக்கம் போனால் ஸ்பீடு 2400 என்றது, ரேம் பெட்டியிலோ 3200. பயாஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங் பக்கம்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமலே கொடுத்திருக்கிறார்கள் (அசூஸின் ஏஎம்டி போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி என்று இருக்கும்). அதை ஆன் செய்தோம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் இரண்டு ரேமும் ப்ராசஸரை ஒட்டின இரண்டு ஸ்லாட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. அப்படிப் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் இருக்கும் பாதை) போய்விடும், சிபியு-இசட் சாஃப்ட்வேரிலும் சிங்கிள் என்றுதான் காட்டியது. ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்டில் 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டினோம். ரைசனில் உள்ளே பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகம் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே போகும், அதனால் இந்த இரண்டும் சரியானதுமே திக்கல் நின்றது, எஃப்பிஎஸ்ஸும் நன்றாக ஏறியது. அதற்கு மேலும் வேண்டும் என்று தோன்றினால், பயாஸை அப்டேட் செய்துவிட்டு அதே போர்டில் ரைசன் 5 5600 ப்ராசஸர் போட்டுக்கொள்ளலாம். அவசரமே இல்லை.

ராயபுரம்:

அண்ணா, நம்ம பக்கம் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். துறைமுக லாரிப் புழுதியும் கடல் காற்றும் சேர்ந்து ஹீட்சிங்கில் (சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகடுகள்) படிகிற அழுக்கு வெறும் தூசி மாதிரி இருக்காது, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். என் நண்பன் 1660 சூப்பர் கார்டை மாற்றி 3060 டிஐ போட்டான். 125 வாட் இருந்த இடத்தில் 200 வாட் சூடு கேபினட்டுக்குள்ளேயே சுற்றினால் என்ன ஆகும்? கேம் ஆரம்பித்த கொஞ்ச நேரம் அருமையாக ஓடும், அப்புறம் அவனுடைய ஐ7 9700 ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து விளையாடிப் பாருங்கள், டிகிரி சட்டென்று இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அழுக்கை எடுத்து, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்த்த பிறகு அவன் மெஷின் 80 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

வியாசர்பாடி:

கார்டு மாற்றியபோது கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டியிருந்தால், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு போய் ரிஃப்ரெஷ் ரேட் (மானிட்டர் நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே நிற்பதை நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன், எஃப்பிஎஸ் எவ்வளவு ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று கேட்கணும். எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் ரொம்பவே இறங்குகிறது, கேம் நடுவில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது, பகலில் அப்படி ஆவதே இல்லை. மெஷினுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ். அதை மாற்றுவதா, முதலில் ஸ்டெபிலைசர் வைப்பதா? இதே மாதிரி யாருக்காவது இருந்ததா?